ஏராவை வெட்டி ஆழம் குறைப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் படகுப் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடி திரும்பியவன் நான். தேவகோட்டையில் இருக்கும் என் மச்சான் பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கித் தொண்டியில் நிறுத்தினார். அது தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும் படகு. கரைக்கு அருகில் கொண்டு வரவே முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதன் ஏராவை, அதாவது அடியில் கீழே இறங்கும் கனத்த தகட்டை, வெட்டி அந்த இறக்கத்தை 1.4 மீட்டராக்கினோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், பழைய படகு வாங்கியவர்கள், தொண்டி மீனவத் தம்பிகள் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் மச்சானின் படகுதான் உதாரணம். அதன் மொத்த எடை 3,000 கிலோ.

"கீல்னா தார்தானே மாமா? அதை எதுக்கு வெட்டணும்?"

படகுக்குப் பூசும் தாரும் கீல்தான், கதவில் இருப்பதும் கீல்தான். நான் பேசுவது இரண்டையும் அல்ல. படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டையை நம் கடற்கரையில் ஏரா என்பார்கள். புதுக்காலப் பாய்மரப் படகுகளில் அந்த இடத்திலிருந்து மீனின் துடுப்பு போல ஒரு கனத்த உலோகத் தகடு கீழே இறங்கும். ஆங்கிலத்தில் அதுவும் கீல். குழப்பம் வேண்டாமென்று இந்தப் பக்கம் முழுக்க அந்தத் தகட்டை ஏரா என்றே எழுதுகிறேன். தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் அடிநுனி வரை உள்ள ஆழம் டிராஃப்ட்.

"வத்தையில அப்படித் தகடு ஒண்ணும் இல்லையே, அதுவும் பாய்லதானே ஓடுச்சு?"

நம் கரையின் பழைய பாய்மரப் படகான வத்தை ஓடியது, அருமையாக ஓடியது. ஆனால் ஏரா செய்யும் இரண்டு வேலைகளையும் அதில் மனிதர்கள் செய்தார்கள். முதல் வேலை, காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் பிடிப்பது. வத்தையில் குறுக்கே ஒரு நீளப் பலகை இருக்கும். காற்று வரும் பக்கம் அதை நீட்டி ஆட்கள் அதன்மேல் போய் உட்காருவார்கள். அவர்களின் உடம்பு எடைதான் அங்கே பாரம். இரண்டாவது வேலை, படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் முன்னோக்கிப் போகச் செய்வது. கட்டுமரத்தில் கட்டைகளுக்கு நடுவே பலகையைக் குத்தி இறக்குவது அதற்காகத்தான்.

ஏரா உள்ள படகில் பலகை மேல் உட்கார ஆள் வேண்டாம், அந்த வேலையை அடியில் தொங்கும் உலோகமே பார்த்துக்கொள்ளும். எனவே ஏராவில் கை வைக்கிறவர் இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு இன்னொன்றை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"கடல்ல ஆழத்துக்கா பஞ்சம்? எதுக்குக் குறைக்கணும்?"

வங்காள விரிகுடாவில் பஞ்சம் இல்லை. நம் பக்கம் இருப்பது பாக் விரிகுடா. அதன் பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைவான ஆழம், கரையோரம் அதிலும் குறைவு, தரை மெல்ல மெல்லச் சரியும். தொண்டியில் படகை விட்டு இறங்கி வெகுதூரம் தண்ணீருக்குள் நடந்து கரை வரலாம்.

இன்னொரு விஷயம், இங்கே கடல் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. இங்கிலாந்திலும் பிரான்ஸின் மேற்குக் கரையிலும் தரை தட்டினால் ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் ஏற்றம் வந்து தூக்கிவிடும். நமக்கு அந்த உதவி கிடையாது. தட்டினால் தட்டியதுதான்.

"அப்போ கீழ ஒண்ணேகால் அடி வெட்டி எறிஞ்சிட்டா முடிஞ்சுதே அண்ணே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வெட்டப்போகும் அந்தக் கடைசித் துண்டுதான் ஏராவிலேயே மதிப்புள்ள துண்டு. எடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலம்.

மச்சானின் படகில் ஏரா 1,200 கிலோ காரீயம். தண்ணீர் மட்டத்துக்கு 0.5 மீட்டர் கீழே படகின் வயிற்றில் தொடங்கி 1.8 மீட்டர் வரை இறங்கியது. மேலும் கீழும் ஒரே கனம் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை மையம் 1.15 மீட்டர் ஆழத்தில். 1,200-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 1,380. படகை நிமிர்த்தும் பலத்துக்கு இந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே 40 சென்டிமீட்டர் வெட்டினால் சுமார் 369 கிலோ போகும். மீதி 831 கிலோ, அதன் மையம் 0.95 மீட்டர். பெருக்கினால் 789. எடையில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை, பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. இந்தப் படகைப் பாய் விரித்து வெளியே கொண்டுபோவது ஆபத்து.

குறைந்த 591-ஐத் திருப்பிக் கொடுக்க, வெட்டிய நுனியில் ஒரு காரீயக் குண்டு மாட்ட வேண்டும். புது டிராஃப்ட் 1.4 மீட்டர், குண்டின் மையம் 1.3 மீட்டரில் இருக்கும். 591-ஐ 1.3-ஆல் வகுத்தால் 455 கிலோ. வெட்டியது 369, மாட்டுவது 455. படகு 86 கிலோ கூடுகிறது, அதனால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகக் கூடுதலாக அமிழும். அது பெரிய விஷயமில்லை. குண்டு மாட்டாமல் வெட்டுவதுதான் பெரிய விஷயம்.

"வெட்டுன எடையை மணல் மூட்டையா உள்ளே போட்டுக்கலாமே? பழைய தோணியில அப்படித்தானே?"

பழைய தோணிகள் அகலமானவை, பாரமும் நிறையச் சுமந்தவை. இங்கே அதே கணக்கைப் போடுங்கள். படகின் உள்ளே தரைப்பலகைக்கு அடியில் வைக்கும் மூட்டை, தண்ணீர் மட்டத்திலிருந்து அதிகம் போனால் 0.3 மீட்டர் கீழே இருக்கும். 591-ஐ 0.3-ஆல் வகுத்தால் 1,970 கிலோ. மூவாயிரம் கிலோ படகில் இரண்டாயிரம் கிலோ மணல்! அதுவும் படகு சாயும்போது மூட்டை சரிந்து தாழ்ந்த பக்கம் போனால் கவிழ்ப்பதே அதுதான்.

பர்மாத் தேக்கில் ஆழம் குறைந்த நீள ஏரா செய்து மாட்டலாமா என்று நம் ஊர் ஆசாரி ஒருவர் ஆசையாகக் கேட்டார். ஒதுங்காமல் பிடிக்கும் வேலையை அது செய்யும். ஆனால் தேக்கு மிதக்கும் மரம், பாரத்துக்கு எங்கே போவது?

"ஈயச் சொம்புல ரசம் வைக்கிறோம். அதே ஈயம்தானே? அதைப் போய் விஷம்ங்கிறீங்க?"

ஆச்சிமார்கள் கேட்கும் கேள்வி, மிக நல்ல கேள்வி. தமிழில் இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்றே பெயர் ஒட்டிக்கொண்டதால் வரும் குழப்பம். ரசச் சொம்பும் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். படகுக்குப் போடுவது காரீயம், பேட்டரிக்குள் இருப்பது. காரீயம் விஷம், சமையலறைப் பக்கமே வரக் கூடாது.

எடையிலும் இரண்டும் வேறு. ஒரு லிட்டர் அளவு காரீயம் 11.3 கிலோ, வெள்ளீயம் 7.3 கிலோ, வார்ப்பிரும்பும் ஏறக்குறைய வெள்ளீயம் அளவுதான். நம் 455 கிலோ குண்டு காரீயத்தில் 40 லிட்டர் இடத்தில் அடங்கும். இரும்பில் அறுபது லிட்டருக்கு மேல் வேண்டும், அவ்வளவு பெரிய குண்டு தண்ணீரைக் கிழித்துப் போகாது.

"எங்க பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கு. ரெண்டாங்கட்டுல அடுப்பு போட்டு உருக்கிடலாமா?"

தயவுசெய்து வேண்டாம். காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும், அதனால்தான் எல்லோருக்கும் துணிச்சல் வருகிறது. புகையும் அதன்மேல் படியும் சாம்பலும் உடம்புக்குள் போனால் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வளவின் தரையிலும் கிணற்றடியிலும் படிந்த தூள் அடுத்த திருமணத்துக்கு வீடு திறக்கும்போதும் அங்கேயே இருக்கும். அச்சில் துளி ஈரம் இருந்தால்கூட உருகிய காரீயம் வெடித்துத் தெறிக்கும். பழைய பேட்டரியை உடைத்து எடுப்பது இன்னும் மோசம். பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும், 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

வார்ப்புப் பட்டறையில் கொடுங்கள். வெட்டிய துண்டையும் கொடுத்து அதையே சேர்த்து உருக்கச் சொல்லலாம். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குண்டு மெழுகு போல மெத்தென்று இருக்கும். குண்டை இடம் வலம் என்று இரண்டு பாதியாக வார்ப்பது நல்லது.

"எங்க படகு ஏரா இரும்பு. இதே வேலைதானே?"

கணக்கு அதேதான், வேலை வேறு. காரீயத்தை எண்ணெய் விட்டுக்கொண்டே மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுக்கலாம். வார்ப்பிரும்பை அறுப்பதும் துளையிடுவதும் கல்லில் நார் உரிப்பது மாதிரி. அதன்மேல் காரீயக் குண்டு மாட்டினால் இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும், இடையில் எபாக்சி என்ற பசையைப் போட்டு முழுக்கப் பிரிக்க வேண்டும். துரு ஆழமாகத் தின்ற இரும்பு ஏரா என்றால் வெட்டுவதைவிடப் புது ஏராவே வார்த்துவிடலாம்.

"றெக்கை வச்ச ஏராதானே உலகக் கோப்பை ஜெயிச்சுது? அதையே வைக்கலாமே?"

ஜெயித்தது. அமெரிக்காஸ் கப் போட்டியில் 132 வருடம் அமெரிக்கர்கள் கையிலேயே இருந்த கோப்பையை 1983-இல் ஆஸ்திரேலியா II என்ற படகு வாங்கியது. பென் லெக்சன் வடிவமைப்பில் ஏராவின் அடியில் இரண்டு பக்கமும் றெக்கை. ஆழம் கூட்டாமல் எடையைக் கீழே வைக்க அது நல்ல வழிதான்.

ஆனால் அவர்கள் ஓட்டியது ஆழக்கடலில். நம் சேற்றில் றெக்கை தட்டினால் நங்கூரம் போலப் பதிந்துகொள்ளும். சாதாரண ஏரா தட்டினால் ஆட்கள் எல்லாம் ஒரு பக்கம் போய்ப் படகைச் சாய்க்கலாம், டிராஃப்ட் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குறையும், நழுவி வந்துவிடலாம். றெக்கை உள்ளதைச் சாய்த்தால் ஒரு றெக்கை இன்னும் கீழே போகும். தொண்டிக்கு நான் றெக்கை சொல்ல மாட்டேன்.

"சேறுதானே அண்ணே, தட்டினா என்ன ஆயிடும்?"

படகுக்கு முதலில் சொல்கிறேன். முன்னால் வேகமாகப் போய்த் தட்டும்போது ஏராவின் பின்முனை படகின் வயிற்றை மேல்நோக்கிக் குத்தும். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே படகின் எலும்புகளான குறுக்குச் சட்டங்கள் அடித்தரையிலிருந்து விட்டிருக்கும். தட்டிய ஒவ்வொரு முறையும் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி அந்தப் பின்முனைப் பக்கம் பாருங்கள்.

அடுத்து கடலுக்கு. அந்தச் சேற்றில்தான் கடற்புல் வளர்கிறது. அதைத் தின்று வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைப் பாக் விரிகுடாவில் காப்பகமாக அறிவித்தார்கள். ஏரா உழுத சால் கடற்புல்லில் எளிதில் ஆறாது. டிராஃப்ட் குறைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகவே நான் வைக்கிறேன்.

"வெட்டாம, தூக்கி இறக்குற மாதிரி செய்ய முடியாதா? ரெண்டு ஏரா வச்சா?"

தூக்கி இறக்கும் ஏரா ஓட்டத்துக்கு எல்லாவற்றிலும் சிறந்தது. கடலில் இறக்கிக்கொள்ளலாம், கரையில் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் படகின் நடுவயிற்றைப் பிளந்து பெட்டி கட்ட வேண்டும். அதற்கென்றே கட்டிய படகை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரட்டை ஏரா, தண்ணீர் வற்றும் கரையில் படகு நிமிர்ந்து உட்கார்வதற்காக வந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத நம் கரையில் அந்த லாபம் இல்லை.

"காத்துக்கு எதிரா ஓட்டுறது எவ்வளவு கெடும்?"

கெடும், மறைக்க வேண்டியதில்லை. குண்டு எடையைத்தான் திருப்பிக் கொடுத்தது, ஆழத்தைத் தரவில்லை. அதே பக்கவாட்டுத் தாங்கலுக்கு ஏரா கொடுக்கும் இழுவை, ஆழத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 1.8-ஐ 1.4-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.65. அதாவது அந்த வகை இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல். குண்டு நுனியை அடைத்து நிற்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். காற்றோடு போகும்போது வித்தியாசமே தெரியாது.

நம் கடலில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் தொண்டியிலிருந்து கிழக்கே போவது சுகம். திரும்பி வருவது காற்றை எதிர்த்து, அப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் படகு கிழக்கே ஒதுங்கும். அந்தப் பக்கம் 1974-இல் இலங்கையோடு வகுத்த கடல் எல்லை. ஏரா குறைத்த படகோடு போகிறவர்கள் முன்பு திரும்பிய இடத்துக்கு வெகு முன்னாலேயே திரும்புங்கள், என்ஜினும் டீசலும் சரியாக இருக்கட்டும்.

"போல்ட்டெல்லாம் பழசுதான், ஆனா இறுக்கமா இருக்கு. போதும்ல?"

போதாது. என்னைக் கேட்டால் வெட்டுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். ஏராவைப் படகோடு பிடித்திருக்கும் போல்ட்டு உள்ளே நட்டுப் பக்கம் பளபளவென்று இருக்கும், ஏராவும் படகும் சேரும் மறைவில் பாதியாகத் தேய்ந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருக்கக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அதையும் அரிக்கும். காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய்வதைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக நம் ஊரிலேயே செய்துவருகிறது.

2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற பிரிட்டிஷ் பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் ஏரா கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் திரும்பவில்லை. முன்பு தரை தட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து பிடிப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை. ஒரு போல்ட்டையாவது உருவிப் பாருங்கள். ஏராவும் படகும் சேரும் கோட்டின் முன்பக்கம் சிரித்த வாய் போல விரிசல் இருந்தாலோ, துருநீர் வடிந்தாலோ முழு ஏராவையும் இறக்குங்கள்.

"நுனியில குண்டு தொங்குனா போல்ட்டுக்கு பாரம் கூடாதா?"

நானும் அப்படித்தான் பயந்தேன். படகு முழுக்கச் சாய்ந்து ஏரா படுக்கையாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பழைய ஏரா: 1,200 கிலோ, வயிற்றிலிருந்து 0.65 மீட்டர், பெருக்கினால் 780. புதியது: 831 பெருக்கல் 0.45, 374. குண்டு 455 பெருக்கல் 0.8, 364. கூட்டினால் 738. கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் கவலை குண்டும் ஏராவும் சேரும் இடம். இரண்டு பாதிகளையும் ஏராவின் இரு பக்கமும் வைத்து ஊடே போல்ட்டு போட்டு, நடுவே கெட்டி எபாக்சி. காரீயத்தைத் தேய்த்து விட்ட சில நிமிடத்தில் அதன்மேல் ஆக்சைடு படிந்துவிடும், எபாக்சி அதில் ஒட்டாது. அதனால் எபாக்சியைப் பூசிக்கொண்டே அதன்மேல் கம்பிப் பிரஷால் தேய்க்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

"குண்டை முன்னாடி வைக்கிறதா, பின்னாடி வைக்கிறதா?"

வெட்டிய பிறகும் ஏராவின் மொத்த எடை மையம், நீளவாக்கில் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகின் முன்பக்கமான அணியம் குனியும், அல்லது பின்புறம் அமுங்கும். பின்னால் சாய்ந்து இறங்கும் ஏரா என்றால் வெட்டுவது பின்பக்கத் துண்டு. தண்ணீரைப் பிடிக்கும் இடம் முன்னால் நகர்ந்துவிடும், படகு காற்றை நோக்கி முகம் திருப்பப் பார்க்கும், சுக்கானைப் பிடித்துக் கை ஓயும்.

"சுக்கானுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

இருக்கிறது, நாங்கள் அதில்தான் தவறினோம். எல்லாக் கணக்கும் போட்ட நான் சுக்கானின் ஆழத்தை அளக்கவில்லை. அது 1.45 மீட்டர். ஏரா 1.8 ஆக இருந்தவரை அதன் மறைவில் பத்திரமாக இருந்தது. ஏரா 1.4 ஆனதும் படகிலேயே ஆழமான உறுப்பு சுக்கான் என்றாகிவிட்டது. முதல் வாரமே சேற்றில் முதலில் தட்டியது அதுதான், தண்டு வளைந்தது. சுக்கானையும் குறைத்து, அகலத்தைக் கூட்டி, வேறு செய்து போட்டோம். ஏராவைவிடச் சுக்கான் ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும்.

"எல்லாம் சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வெட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று எழாத விடியற்காலை, படகுக்குள் கொத்தனாரின் தூக்குக்குண்டை 2 மீட்டர் கயிற்றில் தொங்கவிடுங்கள். குண்டு ஆடாமலிருக்கக் கீழே ஒரு வாளித் தண்ணீரில் அமிழட்டும். 75 கிலோ எடையை நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஒரு ஓரத்தில் வையுங்கள். கயிறு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து எழுதுங்கள். எங்களுக்கு 67 மில்லிமீட்டர். வேலை முடிந்ததும் அதே எடை, அதே இடம்: 66. அதிகமாக நகர்ந்திருந்தால் படகு முன்பைவிட இளக்கம், கடலுக்குப் போகக் கூடாது.

இது சிறு சாய்வுக்கான சோதனைதான். படகு ஏறக்குறையப் படுத்த பிறகும் எழுந்து நிற்குமா என்பதைப் படகு வடிவமைப்பாளர் ஒருவரிடம் வரைபடத்தோடு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் கணக்குகள் உங்களுக்குப் புரிவதற்காக எழுதியவை, உங்கள் படகுக்கு அவர் கையெழுத்துப் போட்ட கணக்கு வேண்டும்.

"இவ்வளவு பாடு படணுமா? வேற வழியே இல்லையா?"

உண்டு. படகை ஆழத்தில் நங்கூரமிட்டு வள்ளத்தில் கரைக்கு வரலாம். வருடத்தில் நான்கு முறைதான் போகிறீர்கள் என்றால் அதுவே போதும். அல்லது டிராஃப்ட் குறைந்த படகாகவே மாற்றிக்கொள்ளலாம். படகின் உடல் திடமாக, போல்ட்டு நல்லதாக, ஏரா காரீயமாக இருந்து, அந்தப் படகு உங்களுக்கு மனதுக்குப் பிடித்தும் போய்விட்டால் மட்டும் வெட்டுங்கள். கேட்டு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நான் வள்ளத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"நாளைக்கு விக்கிறப்ப விலை போகுமா சித்தப்பா?"

காகிதம் இருந்தால் போகும். வெட்டிய துண்டின் எடை, குண்டின் எடை, அதன் மையம் எங்கே, எந்த போல்ட்டு, எந்தத் தேதி, தூக்குக்குண்டு நகர்ந்த அளவு, வடிவமைப்பாளரின் கணக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவரிடம் ஏரா வெட்டியது என்று முதல் பேச்சிலேயே சொல்லி அந்தக் கோப்பைக் கையில் கொடுங்கள். மச்சானின் கோப்பு அவர் வீட்டு முகப்பு அலமாரியில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.